எல்லாரும் தூங்கியாச்சு

ஜூன் 16, 2025, திங்கள்

இன்று புதிதாக ஒரு குழந்தை சேர்ந்திருக்கிறது. வர்ஷா, இரண்டரை வயது. அம்மா நிஷா, இதே அபார்ட்மென்ட்டின் சி பிளாக்கில் சொந்த வீடு, ஐடி வேலை. விட்டுவிட்டுப் போகும்போது குழந்தை அழவில்லை. நிஷாதான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். நாகம்மாள் போய், "நீ கெளம்பும்மா, நாங்க கீறோம்ல" என்று ஆபீஸ் வண்டியில் ஏற்றிவிட்டு வந்தாள். நாகம்மாள் என் டே கேர் ஆயா. நான் டீச்சர் என்று பெயர், வேலையில் பாதி அவளுடையது.

வர்ஷாவோடு பதினொன்று. இந்த ஹால் இதற்கு மேல் தாங்காது. என் கணவர் பாஸ்கரன், "ஹாலைக் குடுத்தாச்சு, பெட்ரூமையும் குடுத்துடு, நான் கம்பெனிலயே படுத்துக்கறேன்" என்கிறார். ஆவடியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் மனுஷன். பாவம்தான்.

மதியம் வழக்கம்போல போட்டோ எடுத்துப் பெற்றோர் குரூப்பில் போட்டேன். வரிசையாகப் பாய், பாய்க்கு ஒரு தலை. கீழே தினமும் போடும் அதே வரி: 'எல்லாரும் தூங்கியாச்சு.' அம்மாக்கள் இதைப் பார்த்த பிறகுதான் ஆபீஸில் சாப்பிடவே உட்கார்கிறார்களாம். பிரசன்னா (இரட்டைப் பையன்களின் அப்பா) எழுதியிருந்தார்: 'என்ன மருந்து குடுக்கறீங்க டீச்சர்? வீட்ல ரெண்டும் பேய் மாதிரி முழிச்சிட்டிருக்கு.' பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. நானும், 'அது கம்பெனி ரகசியம், வெளியே சொல்ல மாட்டேன்' என்று போட்டேன். ஏழெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். நான் எழுதி நாலு பேர் சிரிப்பது அபூர்வம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. வர்ஷா நாகம்மாளின் முந்தானையை விடமாட்டேன் என்கிறாள்.

ஜூன் 18, புதன்

சாயங்காலம் ஒரு அம்மா வந்தாள். பிள்ளையைத் தூக்கியதும் அதன் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். "சாக்லேட் சாப்ட்டானான்னு பார்த்தேன் டீச்சர்." நான் சாக்லேட் கொடுப்பதில்லை. அது அவளுக்கே தெரியும். சேர்க்கும்போது அவளே போட்ட நிபந்தனை அது.

அப்புறம் நிஷா வந்தாள். எல்லாரும் போகும்வரை செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றாள். பிறகு, "டீச்சர், நீங்க ஓனர்ஸ் குரூப்ல இல்லல்ல?" என்றாள். எப்படி இருப்பேன்? வாடகைக்கு இருப்பவர்களை அதில் சேர்ப்பதில்லை. தண்ணீர் லாரி வராது என்பதைக்கூட நாங்கள் வாட்ச்மேனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

அவள் போனைக் காட்டினாள்.

என் போட்டோ. தூங்கும் குழந்தைகள். அதற்குக் கீழே பிரசன்னாவின் கேள்வியும் என் பதிலும் மட்டும். சிரிப்புப் பொம்மை வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: 'இது உண்மையா? இத்தனை குழந்தைகள் ஒரே நேரத்தில் எப்படித் தூங்கும்? பெற்றோர்களே, சிந்தியுங்கள்.' அதைப் போட்டவர் தினமும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்கிற ஒரு பெரியவர். அவருக்கும் வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அதன்கீழே ஒரு பெரிய வால். இருமல் சிரப்பாக இருக்குமோ. கசகசாவை அரைத்துக் கொடுப்பார்களோ. டாக்டரிடம் காட்டி ரத்தம் டெஸ்ட் பண்ணலாமா. நடுவில் ஒன்று: 'தன் வயித்துல பெத்திருந்தா இப்படிச் செய்யத் தோணுமா?'

அதை மட்டும் திரும்பப் படித்தேன். எனக்குக் குழந்தை இல்லை என்பது இந்த இருநூறு வீட்டுக்கும் தெரிந்திருக்கிறது. எப்போது, யார் சொல்லி என்று தெரியவில்லை.

உடனே பிரசன்னாவுக்கு போன் செய்தேன். அவர் பயந்துபோயிருந்தார். "டீச்சர், என் பேரும் அதுல வருது. நான் என்னோட மெசேஜை டெலீட் பண்ணிடறேன், பிரச்சினை முடிஞ்சிடும்." பண்ணியும்விட்டார். இப்போது எங்கள் குரூப்பில் அவருடைய கேள்வி இல்லை. என் பதில் மட்டும் தனியாக நிற்கிறது. 'அது கம்பெனி ரகசியம், வெளியே சொல்ல மாட்டேன்.'



ஜூன் 19, வியாழன்

ஏழு குழந்தைகள்தான் வந்தன. மற்றவர்கள் காய்ச்சல், மாமியார் வந்திருக்கிறார், லீவு என்று அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பதிலாவது சொல்லலாம்.

மதியம் போட்டோ போடவில்லை. போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்களோ? போட்டால் பாரு, இன்றைக்கும் தூங்க வைத்துவிட்டாள் என்பார்களோ? போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். நாகம்மாள், "இன்னா டீச்சர், ஒரே நடையா கீது, குந்தேன்" என்றாள். அவளிடம் சொன்னேன். அவள் ஒரு பையனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "ஓடியாடி சோறு துன்னுட்டுப் படுத்தா கொயந்த தூங்காம இன்னா பண்ணும்? இதுங்க பெத்ததே ஒண்ணோ ரெண்டோ, இதுங்களுக்கு எங்க தெரியும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

ஜூன் 20, வெள்ளி

ஜன்னல் பக்கம் ஒரு பையன். காலேஜ் வயசு இருக்கும், இந்த பிளாட்தான். கம்பிக்கு உள்ளே கையைவிட்டுப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் தரைத்தளம், யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். நாகம்மாள் துடைப்பத்தோடு ஓடினாள். "ஏய், இன்னா படம் புடிச்சிக்கினு கீற? தூங்கற கொயந்தைங்கடா அதுங்க. உங்கூட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" அவன் ஓடவில்லை. போனை அவள் பக்கம் திருப்பினான். அவள் இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 'இப்படிப்பட்ட ஆயாவிடமா உங்கள் குழந்தை?' நிஷா அனுப்பினாள். அனுப்பிய கையோடு, 'ஸாரி டீச்சர், உங்களுக்குத் தெரியணும்னு' என்று ஒரு வரி.

ஜூன் 22, ஞாயிறு

பாஸ்கரன் கொதித்துப்போய்விட்டார். "இது அவதூறு. கேஸ் போட்டாதான் அடங்குவானுங்க."

அவதூறு. பேப்பரில் அரசியல்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொள்கிற சொல் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் திருக்கோவிலூர்ப் பக்கம் இதைக் கோள் என்போம், இல்லாததும் பொல்லாததும் என்போம், அம்மா அபாண்டம் என்பாள். அபாண்டம் சொன்னவனுக்கு மண்ணை வாரித் தூற்றிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடலாம். அவதூறுக்கு வக்கீல் வேண்டும்.

அவருடைய சிநேகிதரின் தங்கை, அருள்மொழி, வக்கீல். திருவேற்காட்டில் வீட்டு மாடியிலேயே ஆபீஸ். ஷேர் ஆட்டோவில் போனோம். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "அவதூறுன்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சிக்குங்க மேடம். ஒருத்தரைப் பத்தி, அவங்க மரியாதை குறையற மாதிரி ஒரு பழியை இன்னொருத்தருக்குத் தெரியப்படுத்தறது. வாயால சொல்லணும்னு இல்ல. எழுத்து, படம், சைகை எல்லாம் சேரும்."

"யாருமே நான் குடுத்தேன்னு சொல்லலையே. உண்மையான்னு கேக்கத்தானே செய்யறாங்க?"

"கேள்வியா கேட்டாலும் உள்ள பழி இருந்தா அவதூறுதான். ஆனா நிரூபிக்கணும். நாம தனியா கோர்ட்டுல புகார் குடுக்கணும். வருஷக்கணக்குல இழுக்கும். அதுவரைக்கும் நீங்க அவங்க நடுவுலதான் குடியிருக்கணும்."

திரும்பி வரும்போது பாஸ்கரனின் கொதிப்பு அடங்கியிருந்தது. எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் நின்றது.

ஜூன் 24, செவ்வாய்

தாங்க முடியாமல் பெற்றோர் குரூப்பில் எழுதிவிட்டேன். 'நான் எந்த மருந்தும் கொடுப்பதில்லை. அது விளையாட்டாகச் சொன்னது. சில ஓனர்கள் பொய் பரப்புகிறார்கள், நம்ப வேண்டாம்.' எல்லாரும் படித்ததற்கு நீலக் குறி விழுந்தது. ஒருவரும் பதில் போடவில்லை.

இன்று இன்னொன்றும் செய்தேன். மதியம் காலிங் பெல் அடித்தது. உடனே ஓடிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை ஒவ்வொன்றாக உலுக்கி எழுப்பினேன். யார் வந்து பார்த்தாலும் முழித்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான். வர்ஷா கண்ணைத் தேய்த்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள். நாகம்மாள், "தூங்கற புள்ளைய எயுப்பாத டீச்சர், பாவம்" என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டாள். வந்தது கேஸ் சிலிண்டர்.

ஜூன் 26, வியாழன்

அசோசியேஷன் செக்ரெட்டரி சம்பந்தம் வந்தார். பாங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். யாரையும் கடிந்து பேசமாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்கு பயம். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார்.

"மேடம், சில ஓனர்கள் பொய் பரப்பறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது எங்க மெம்பர்ஸ் மேல அவதூறு. ரொம்ப வருத்தப்படறாங்க."

நான் வக்கீலிடம் கேட்டுவந்த சொல். அதை எடுத்து என் மேலேயே வைக்கிறார். 'ஸாரி சார்' என்றேன். எதுக்குடி ஸாரி? நான் என்ன தப்பு பண்ணினேன்?

பிறகு விஷயத்துக்கு வந்தார். என்மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயமாம். படித்தவளாம். டே கேரை மூடச் சொல்லி நாலைந்து பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அவருக்கு அதில் இஷ்டம் இல்லையாம். "ஆனா இவ்வளவு பேச்சு வந்தப்புறம் ஒண்ணுமே நடக்கலைன்னு சொன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க. அந்த ஆயாவை நிறுத்திடுங்க. அந்தம்மா வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. உங்களுக்குத் தெரியாம அந்தம்மா ஏதாவது குடுத்திருக்கலாம். அப்படி முடிச்சிட்டா உங்க பேரும் தப்பிச்சிடும், எங்க மெம்பர்ஸ் கேட்டதும் தப்பில்லைன்னு ஆயிடும்."

"அவங்க எதுவும் குடுக்கலை சார்."

"நீங்க எதுவும் சொல்லவே வேணாம் மேடம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல நாங்க கேப்போம். நீங்க மறுக்காம இருந்தா போதும்."

நாகம்மாள் உள்ளே குழந்தைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, சனி

பாஸ்கரன் முதல் நாள், "அதெல்லாம் முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு" என்றார். இன்று காலை, "நாகம்மாவுக்கு நாலு வீட்ல வேலை கிடைச்சிடும் கார்த்திகா. உனக்கு இதை விட்டா?" என்றார். இரண்டையும் அவர்தான் சொன்னார். கோபப்பட முடியவில்லை, என் மனசிலும் இதே வரிசையில்தான் ஓடியது.

இதை விட்டால் எனக்கு? காலையில் கதவைத் திறந்ததும் காலைக் கட்டிக்கொள்ள யார் வருவார்கள்? சம்பாத்தியத்துக்கு வேறு ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். இதற்கு நான் எங்கே போவேன்?

போலீஸ் வந்தால்? சானலில் என் முகத்தைப் போட்டால்? ஊரில் அம்மா பார்ப்பாளே. எனக்கு பயமா இருக்கு. எழுதினா குறையும்னு நெனச்சேன். குறையல.

ஜூன் 29, ஞாயிறு

மீட்டிங் முடிந்தது.

பார்ட்டி ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் டீ. ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். சம்பந்தம் மைக்கில் பேசினார். அமைதியாக, ஒவ்வொரு சொல்லாக.

"மதியம் நீங்க சமையல்கட்டுல இருக்கறப்போ குழந்தைங்களோட யார் இருப்பாங்க மேடம்?"

"நாகம்மாள்."

"தனியாவா?"

"ஆமா."

"அந்த நேரத்துல அவங்க என்ன குடுக்கறாங்கன்னு உங்களால பார்க்க முடியாது. இல்லீங்களா?"

என் சமையலறைக்குக் கதவே கிடையாது. அடுப்புக்கு முன்னால் நின்றால் கடைசிப் பாய்வரை தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். எல்லா முகமும் என்னைப் பார்த்தன. எனக்கு ஏற்கெனவே வாயை மூடுகிற வழியைக் காட்டிவிட்டார்கள், பேசாமல் இருந்தால் போதும் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பின்னால் யாரோ, "நெனச்சேன்" என்றார்கள். ஹால் முழுவதும் ஒரு பெருமூச்சு. நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு அம்மா வந்து என் தோளைத் தொட்டு, "உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர், நீங்களும் நம்பித்தானே வெச்சிருந்தீங்க" என்றாள். அவள்தான் குழந்தையின் வாயை மோந்து பார்த்தவள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.

ஜூன் 30, திங்கள்

காலையில் நாகம்மாள் போன். "டீச்சர், கேட்டாண்ட நிக்கிறேன். வாட்ச்மேன் உள்ள உடமாட்றான். பையக் கொட்டிப் பாக்கறான். இன்னான்னு வந்து கேளு."

ஜன்னலிலிருந்து கேட் தெரியும். அவள் தெரிந்தாள். கீழே குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் வீட்ல இருங்க நாகம்மாக்கா, நான் பேசிட்டுக் கூப்பிடறேன்" என்றேன்.

"நீ வர மாட்டியா?"

"குழந்தைங்க இருக்காங்க. விட்டுட்டு வர முடியாது."

குழந்தைகள் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஒன்பது குழந்தைகள். புது ஆயாவை அசோசியேஷனே பார்த்து அனுப்பியிருக்கிறது. நல்ல பெண்தான். வர்ஷா அவளிடம் போகமாட்டேன் என்கிறாள். 'நாம்மா எங்க' என்று கேட்டுக்கொண்டே வாசலைப் பார்க்கிறாள். ஊருக்குப் போயிருக்காங்க என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

இப்போது யாரும் என்னைப் பற்றிப் பேசுவதில்லை. காய்கறி வண்டியிடம் பெண்கள் எனக்கு இடம் விடுகிறார்கள். பெல் அடித்தால் மட்டும் இன்னும் பாய்களிடம் ஓடுகிறேன். நேற்றுகூட ஒரு பையனை எழுப்பிவிட்டேன். எதற்கு? எல்லாம்தான் முடிந்துவிட்டதே.

முன்பு என்ன சொல்வார்களோ என்று பயம். இப்போது கேட்டுக்கு வெளியே போக பயம். எங்கள் கள்ளிக்குப்பம் என்ன பெரிய பட்டணமா? மெயின் ரோட்டில், ரேஷன் கடையில், எங்கேயாவது நாகம்மாள் எதிரே வந்துவிட்டால்? பால் பாக்கெட் வாங்கக்கூட பாஸ்கரனை அனுப்புகிறேன்.

வக்கீல் சொன்னது அடிக்கடி ஞாபகம் வருகிறது. எழுத்து, படம், சைகை எல்லாம் சேரும். தலையைக் குனிவது? அந்த வக்கீலிடமே போன் செய்து கேட்கலாம். கேட்கவில்லை. தெரிந்த பதிலை எதற்குக் கேட்பது?

அவதூறு என்றால் யாரோ கெட்டவர்கள் கூடி உட்கார்ந்து செய்வது என்று இருந்தேன். ரோஜாப்பூ அனுப்புகிற பெரியவர் செய்தார். பிரசன்னா பயந்து, ஒரு வரியை அழித்துச் செய்தார். நான் வாயைக்கூடத் திறக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தெரியாத நம்பர். ஜெபா என்று ஒரு பெண், அயப்பாக்கத்தில் டே கேர் நடத்துகிறாளாம். "நாகம்மாள்னு ஒருத்தங்க வேலை கேட்டு வந்திருக்காங்க. உங்ககிட்ட இருந்தாங்களாமே. ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டா, டீச்சரையே கேளுங்கன்னு உங்க நம்பரைக் குடுத்தாங்க."

டீச்சரையே கேளுங்க.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். சொல்லியிருக்கலாம். என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

ஜெபா தொடர்ந்து பேசினாள். "இங்க பேரன்ட்ஸ்ல ஒருத்தருக்கு உங்க ஃப்ளாட்ல சொந்தக்காரங்க இருக்காங்க. ஏதோ மருந்து விஷயம்னாங்க. உண்மையா?"

உண்மையா. அதே கேள்வி. ஹாலில் புது ஆயா கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் சம்பந்தத்தின் ஆள். இல்லை என்று சொன்னால் அது கேட்டுக்கு உள்ளே திரும்பி வந்துவிடும். அப்படியானால் யார் கொடுத்தது என்று மறுபடி என் வாசலில் வந்து நிற்பார்கள். ஆமாம் என்றால், அல்லது ஒன்றும் சொல்லாமல் 'நீங்களே பார்த்துக்குங்க' என்று முடித்தால்...

"பொய்ங்க" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "யாரும் எதுவும் குடுக்கலை. அவங்களும் குடுக்கலை, நானும் குடுக்கலை. மீட்டிங்ல கேட்டப்போ நான் பயந்துபோய்த் தலையைக் குனிஞ்சிட்டேன். அவ்வளவுதான் நடந்தது."

ஜெபா கொஞ்சம் யோசித்தாள். "நீங்க சொல்றதை நான் நம்பறேன். என் பேரன்ட்ஸ் நம்பணுமே. நீங்க என்கிட்ட சொன்னதை அங்க சொல்லியிருக்கீங்களா?"

இல்லை.

ஜூலை 16, புதன்

காலையிலிருந்து எழுதி எழுதி அழித்தேன். ஓனர்ஸ் குரூப்பில் என்னால் போட முடியாது. பெற்றோர் குரூப்பில்தான் போட முடியும். போட்டால் யாராவது படம் பிடித்து அங்கே அனுப்புவார்கள். முதல் தடவை அப்படித்தானே போனது, இதுவும் போகட்டும்.

குழந்தைகளைப் படுக்க வைத்துவிட்டுப் போட்டேன். முழுவதையும் இங்கே எழுதிவைக்கிறேன், யாராவது வெட்டி அனுப்பினால் எனக்காவது மிச்சம் இருக்கட்டும்.

'என் வீட்டில் குழந்தைகளுக்கு யாரும் எந்த மருந்தும் கொடுத்ததில்லை. நாகம்மாளும் கொடுத்ததில்லை. சமையலறையிலிருந்து ஹால் முழுவதும் தெரியும், யார் வேண்டுமானாலும் வந்து நின்று பார்க்கலாம். மீட்டிங்கில் என்னைக் கேட்டபோது இதைச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். டே கேர் போய்விடும் என்ற பயத்தில் செய்தேன். என்மேல் சொன்னது அவதூறு என்று வருத்தப்பட்டவள், அதையே நாகம்மாளுக்குச் செய்துவிட்டேன். தவறு என்னுடையது. கார்த்திகா.'

போட்டுவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அழிக்கலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். பிரசன்னா ஞாபகம் வந்தது, மறுபடி வைத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

நாலு குழந்தைகள். புது ஆயா வரவில்லை. சம்பந்தம் போன் செய்தார், குரலை உயர்த்தவில்லை. "இப்படிச் செஞ்சிருக்க வேண்டாம் மேடம். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டு, இப்ப மாத்திப் பேசறீங்க. இனிமே எது உண்மைன்னு நாங்க நம்பறது?" அவர் சொன்னதில் அந்த ஒரு இடம் நியாயம்.

பிரசன்னா வந்தார். வாசலிலேயே நின்றார். "நீங்க செஞ்சது சரி டீச்சர். ஆனா பசங்களைக் கொஞ்ச நாள் மதுரைக்கு அனுப்பறோம், என் மாமனார் வீட்டுக்கு." பையன்களின் மாற்றுத் துணிப்பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

நாகம்மாள் வீட்டுக்குப் போனேன். ஏரிப்பக்கம் பழைய தெரு, இத்தனை வருஷத்தில் நான் போனதே இல்லை. விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன். திட்டுவாள், தெருவே கூடும் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தாள்.

"நீ எயுதினதை எம்மவ படிச்சிக் காமிச்சா" என்றாள் கொஞ்சம் கழித்து. "இன்னொரு வாட்டி படின்னேன்."

"திரும்பி வாங்க நாகம்மாக்கா."

"அந்த ஜெபாம்மா நாளைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

"என்மேல கோவமா?"

"கோவம் இல்லாம? கீது." பாத்திரத்தைக் கவிழ்த்தாள். "கேட்டாண்ட அவன் என் சோத்து டப்பாவத் தொறந்து மோந்து பாத்தான் டீச்சர். ரோட்ல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கறான். நான் உன் ஜன்னலத்தான் பாத்துக்கினு இருந்தேன். இனிமேட்டு அந்தக் கேட்ட தாண்டி எனக்குக் காலு வராது."

நான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. உள்ளே போய் டீ கொண்டுவந்து வைத்தாள். வர்ஷா சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 28, திங்கள்

வர்ஷாவும் இன்னொரு பையனும்தான். அவனுடைய அம்மாவுக்கு வேறு வழியில்லை, என்னிடமே அப்படித்தான் சொன்னாள். நிஷாவைக் கேட்டேன், நீ ஏன் நிறுத்தவில்லை என்று. "வந்து பார்த்தேன் டீச்சர். அடுப்பு முன்னாடி நின்னு பார்த்தேன், தெரியுது" என்றாள். அவள் எப்போது வந்து நின்றாள் என்று எனக்கு நினைவில்லை.

மதியம் பையன் விளையாடிக்கொண்டிருந்தான். வர்ஷா என் தோளில் சாய்ந்து, என் தாலிக்கயிற்றைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். பெல் அடித்தது. அவளைத் தோளில் போட்டபடியே போய்த் திறந்தேன். சம்பந்தம், கூடக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர். வீட்டுக்குள் டே கேர் நடத்துவதைப் பற்றி அசோசியேஷன் எடுத்திருக்கும் முடிவு என்று ஆரம்பித்தார். இதுவரை நான் கேட்டிராத அளவுக்குச் சத்தமாகப் பேசினார்.

"குழந்தை தூங்குது சார்" என்றேன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."